மால்டாப் பாட்டியின் வீடும் வியட்நாமியரின் ரொட்டிக்கடையும்

வாசகர் கேள்விகள் – ஆசிரியர் பதில்கள்

சென்ற இதழில் குளத்துப்புழை வாசகி ஒருவர் மெல்போர்ன் நகரத்து மால்டியரையும் வியட்நாமியரையும் ஒப்பிட்டுக் கேட்டிருந்த கேள்விக்கு, இடம் போதாமையால் நான்கே வரியில் பதில் எழுதிவிட்டேன். அது போதாது என்பதைச் செங்கோட்டையிலிருந்தும் மலைக்கு அப்பாலிருந்தும் அடுத்தடுத்து வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே வழக்கமான ரயில், யானை, ரப்பர் விலைக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்குகிறேன். முதல் கேள்வியை முழுமையாக மறுபடியும் தருகிறேன்.

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் மகளும் மருமகனும் மெல்போர்ன் நகரின் மேற்குப் பக்கத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் எண்பது வயதைக் கடந்த மால்டா நாட்டுப் பாட்டி. அவருடைய கணவர் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்து இறந்தவர். பாட்டிக்குத் தாம் குடியிருக்கும் வீடு தவிர, என் மகள் இருக்கும் வீடும் சொந்தம். தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர்கள் அகதிகளாக வந்த வியட்நாம் நாட்டுத் தம்பதியர். அவர்கள் இன்றும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். அவர்களுடைய மகளோ மருத்துவர். அரசாங்கக் கணக்கின்படி இந்த இரண்டு நாட்டில் பிறந்தவர்களின் வருமானமும் ஆஸ்திரேலியச் சராசரிக்குக் கீழேதான் என்று என் மகள் சொல்கிறாள். அப்படியானால் இவ்விரு சமூகங்களில் எது நல்ல நிலையில் இருக்கிறது? நாங்களும் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்பதால் இதை அறிய விரும்புகிறேன்.
– தோட்டத் தொழிலாளர் குடும்பத்து வாசகி, குளத்துப்புழை

பதில்: அம்மா, தங்கள் மகள் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அந்த ஒரே கணக்குக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

வருமானக் கணக்கு என்று அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் இடைநிலை வருமானம், அதாவது எல்லாரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் எவ்வளவு பெறுகிறார் என்பது. மால்டாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் இன்று 65 வயதைத் தாண்டியவர்கள், ஏனெனில் அங்கிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிய காலம் 1950களும் 60களும்தான். அதன்பின் வருகை வற்றிவிட்டது. ஆகவே அந்த வரிசையின் நடுவில் நிற்பவர் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு பாட்டனாரோ பாட்டியோதான். அவருடைய கையில் வரும் பணம் குறைவு. ஆனால் அவர் தலைக்கு மேல் இருக்கும் கூரை கடன் தீர்ந்த சொந்தக் கூரை. அந்நாட்டு முதியோர் ஓய்வூதியத்துக்குச் சொத்துக் கணக்கு எடுக்கும்போது குடியிருக்கும் சொந்த வீட்டைச் சேர்ப்பதில்லை; வாடகைக்கு விட்ட வீடு கணக்கில் வரும். எனவே பட்டியலில் ஏழையாகத் தெரியும் மூதாட்டி, மெல்போர்ன் நிலவிலையை வைத்துப் பார்த்தால், நம் ஊர்க் கணக்கில் கோடீசுவரியாக இருக்க முடியும்.

வியட்நாமில் பிறந்தவர்களோ 2021 கணக்கெடுப்பின்படி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மால்டாவில் பிறந்தவர்கள் சுமார் 35,000 பேர்தான். வியட்நாமியரில் உழைக்கும் வயதினர் மிகுதி. நேற்று வந்த மாணவரும் அவர்களில் உண்டு, நாற்பது ஆண்டுக்கு முன் படகில் வந்தவரும் உண்டு. அங்கே வருமானம் குறைவாகக் காட்டப்படுகிறது என்றால் அதற்குக் காரணம் முதுமை அன்று. கூலி குறைந்த வேலையும், அரைகுறை மொழியும், கணக்கில் ஏறாத குடும்ப உழைப்பும்தான். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இவ்விருவரையும் எடைபோடுவது, காய்ப்பு ஓய்ந்த தென்னையையும் இன்னும் பாளை விடாத தென்னையையும் ஒரே நாளில் எண்ணிப் பார்த்து, இரண்டும் காய்க்காத மரம் என்று எழுதி வைப்பதைப் போன்றது.

இனி அவர்கள் வந்த கதைக்கு வருவோம். மால்டா என்றதும் நம் பக்கத்து வேதக்கோயில்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும்: பவுல் அப்போஸ்தலர் கப்பல் உடைந்து கரையேறி, விரியன் பாம்பு கையைக் கவ்வியும் சாகாமல் இருந்ததாக வேதாகமம் சொல்லும் மெலித்தாத் தீவு அதுவேதான். மத்தியதரைக் கடலில் 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவுக்கூட்டம். பிரிட்டிஷாரின் கடற்படைத் தளம். ஊரின் பிழைப்பு பெரும்பாலும் கப்பல்துறையை நம்பியே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து கடற்படையின் தேவை சுருங்கச் சுருங்க, அந்தத் தீவால் தன் மக்களுக்குச் சோறு போட இயலவில்லை. அரசே முன்னின்று ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பியது. 1948இல் ஆஸ்திரேலியாவும் மால்டாவும் உதவிப் பயண ஒப்பந்தம் செய்துகொண்டன. கப்பல் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசுகள் ஏற்றன. அடுத்த இருபது ஆண்டுகளில் தீவை விட்டு வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறங்கிய இடம் ஆஸ்திரேலியா.

அவர்களை அந்நாடு எப்போதும் இப்படி வரவேற்றதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1916இல் காங்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலில் 214 மால்டியர் வந்தனர். அப்போது கட்டாய ராணுவ சேவை வேண்டுமா என்று ஆஸ்திரேலியாவில் மக்கள் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. வெள்ளையரைப் போருக்கு அனுப்பிவிட்டு, கூலி குறைந்த வெளியாட்களை வேலைக்கு வைக்கப் பிரதமர் பில்லி ஹியூஸ் திட்டமிடுகிறார் என்ற வதந்தி பரவிற்று. வந்தவர்களோ பிரிட்டிஷ் குடிமக்கள். சட்டப்படி தடுக்க வழியில்லை. ஆகவே வேண்டாதவர்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே வைத்திருந்த எழுத்துத் தேர்வை அவர்களுக்கு டச்சு மொழியில் நடத்தினார்கள்! 214 பேரும் தேர்ச்சி பெறவில்லை என்று சொல்லத் தேவையில்லை. நியூ கலிடோனியாத் தீவுக்கு அனுப்பப்பட்டு, பல மாதம் அலைக்கழிக்கப்பட்ட பிறகே அவர்கள் ஆஸ்திரேலிய மண்ணில் கால் வைத்தனர். கல்லிப்போலிப் போர்முனையில் காயம்பட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் மால்டா மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. நன்றி மறப்பதற்கு அரசுகளுக்கு அதிக காலம் தேவைப்படுவதில்லை.

1950களில் வந்தவர்களுக்குக் காலம் வேறு. மெல்போர்னின் மேற்கே ஃபுட்ஸ்கிரே, சன்ஷைன் வட்டாரத்தில் ஆலைகளுக்கு ஆள் கிடைக்காத நேரம் அது. சன்ஷைனில் அறுவடை இயந்திரம் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி மனைவி மக்களோடு மானமாக வாழ நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங்காவது வேண்டும் என்று 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் தீர்ப்பளித்தது அந்தத் தொழிற்சாலை முதலாளியின் வழக்கில்தான். அந்தத் தீர்ப்பின் வழியில் வளர்ந்த கூலிச் சட்டங்களும் தொழிற்சங்கங்களும் வலுவாக இருந்த காலத்தில், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு மால்டாக்காரருக்கும் நிர்ணயித்த கூலி கிடைத்தது; கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதல் பணமும் கிடைத்தது. அன்றைக்குச் செயின்ட் ஆல்பன்ஸ் சரியான தார்ச்சாலையும் சாக்கடை வசதியும் இல்லாத புறநகர். மனை விலை மலிவு. வந்தேறிய ஐரோப்பியர் பலரும் அங்கே மனை வாங்கி, பின்பக்கம் ஒரு சிறு கொட்டகை போட்டுக் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தபந்தங்களின் கைத்துணையோடு முன்பக்க வீட்டை எழுப்பினார்கள். தங்கள் மகள் குடியிருக்கும் வீடும் இப்படி எழும்பியதாக இருக்கக்கூடும்.

கேள்வி: வியட்நாமியர் அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள். தங்கும் விடுதி, இலவச ஆங்கில வகுப்பு, உதவித்தொகை எல்லாம் அரசு கொடுத்தது. மால்டாக்காரர்களுக்கு இவ்வளவு கிடைத்ததாகத் தெரியவில்லை. அப்படியிருந்தும் வியட்நாமியர் ஏன் அதிகம் திண்டாடினார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புளியரை

பதில்: ஐயா, உதவி கிடைத்தது உண்மை, ஆனால் மால்டியருக்குக் கிடைத்த ஒன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது வேலை.

1975 ஏப்ரல் 30ஆம் நாள் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுப் படைகளிடம் வீழ்ந்தபோது ஆஸ்திரேலியாவில் வியட்நாமில் பிறந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஐந்து பேரை ஏற்றிய சிறு படகு ஒன்று டார்வின் துறைமுகத்தை அடைந்தது. முதல் படகு அதுதான். 'படகு மக்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் எல்லாரும் படகிலேயே ஆஸ்திரேலியா வந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நேரடியாகப் படகில் வந்து சேர்ந்தவர்கள் 1981 வரை சுமார் 2,000 பேர்தான். மற்றவர்கள் மலேசியாவின் பிடோங் தீவு போன்ற முகாம்களில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்துக் கிடந்து, பிறகு விமானத்தில் அழைத்து வரப்பட்டவர்கள். 1981இல் சுமார் 40,000 ஆக இருந்த எண்ணிக்கை 1991இல் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவுக்கு உயர்ந்தது. மெல்போர்னில் இவர்களைத் தங்கவைத்த அரசு விடுதிகள் மரிபிர்னாங்கிலும் ஸ்பிரிங்வேலிலும் இருந்தன. விடுதியை விட்டு வெளியேறியவர்கள் பக்கத்திலேயே வாடகை வீடு பிடித்தார்கள். ஃபுட்ஸ்கிரேயும் ஸ்பிரிங்வேலும் வியட்நாமியர் ஊர்களானது இப்படித்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மால்டியர் நுழைந்த அதே ஆலை வாசலுக்குத்தான் இவர்களும் போய் நின்றார்கள். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த வாசல் பாதி மூடியிருந்தது. 1973இல் ஆஸ்திரேலிய அரசு இறக்குமதி வரியை ஒரேயடியாகக் கால்பங்கு குறைத்தது; 1988இலும் 1991இலும் மேலும் குறைத்தது. வரிச் சுவரின் நிழலில் வாழ்ந்த துணி, காலணி, இயந்திர ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நான் மேலே சொன்ன சன்ஷைன் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையும் மூடப்பட்டு, அந்த இடத்தில் இன்று கடைத்தொகுதி நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தத்தில் நாட்டின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியபோது, வியட்நாமில் பிறந்தவர்களிடையே அது நாட்டு அளவைப்போல் மூன்று மடங்காக இருந்தது. மந்த காலத்தில் முதலில் கழிக்கப்படுகிறவர் கடைசியாகச் சேர்ந்தவர்தானே.

வேலை கிடைக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. துணி ஆலைகள் மூடிய பிறகு தையல் வேலை வீடுகளுக்குள் நுழைந்தது. வெட்டிய துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, தைத்ததை வாங்கிப் போகும் இடைத்தரகர்கள் பெருகினார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் தையல் எந்திரத்தைப் போட்டு இரவு பகலாக மிதித்தவர்களில் வியட்நாமியப் பெண்கள் மிகுதி. நம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முறத்துக்குப் பதிலாக எந்திரம், கட்டுக்குப் பதிலாக உருப்படி. ஏழு ஷில்லிங் தீர்ப்பு பிறந்த சன்ஷைன் வட்டாரத்திலேயே, அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு எட்டாத கூலி வேலை இது. மால்டாத் தொழிலாளியின் கூலிச் சீட்டில் எழுதியிருந்தது சட்டம். வியட்நாமியத் தையற்காரிக்குக் கூலிச் சீட்டே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மால்டாக்காரர் பெரும்பாலும் இளைஞராக, தாமே தீர்மானித்து, பின்னால் குடும்பத்தை வரவழைக்கும் திட்டத்தோடு வந்தார். வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிப் போக அவருக்கு ஊர் இருந்தது. திரும்பிப் போனவர்களும் கணிசம். வியட்நாமியருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஆசிரியர், ராணுவ அதிகாரி, கணக்கர் என்று அங்கே பெற்ற தகுதிகள் இங்கே காகிதமாயின. படகுக்காரருக்குப் பொன் தகடுகளாகக் கொடுத்தது போக மிஞ்சியதைக் கடற்கொள்ளையர் பறித்துக்கொண்ட குடும்பங்களும் இருந்தன. விடுதியும் வகுப்பும் இந்த இழப்புக்கு ஈடாகிவிடும் என்று தங்களைப் போன்ற அனுபவசாலி நினைக்கமாட்டீர்கள்.

கேள்வி: கையில் காசில்லாமல் வந்தவர்களுக்கு எந்த வங்கி கடன் கொடுத்தது? இத்தனை ரொட்டிக்கடைகளும் பலசரக்குக் கடைகளும் எப்படி முளைத்தன? நானும் கடைக்காரன் என்பதால் கேட்கிறேன், அண்ணாச்சி.
– பலசரக்குக் கடைக்காரர், ஆரியங்காவு

பதில்: தம்பி, உங்களுக்குத் தெரிந்த வழிதான். சீட்டு!

வியட்நாமியர் அதை 'ஹுய்' என்கிறார்கள். நம்பிக்கையான இருபது முப்பது பேர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகையைப் போடுவது; அவசரப் பணம் வேண்டியவர் அதிகத் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு மொத்தத்தை எடுப்பது; பொறுமைசாலி கடைசியில் எடுத்துக் கூடுதல் பெறுவது; நடத்துகிறவருக்கு ஒரு பங்கு. தமிழ்நாட்டில் ஏலச்சீட்டு என்றும், உங்கள் கடையிலிருந்து அரைமணி நேரம் கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் சிட்டி என்றும் குறி என்றும் சொல்வது இதைத்தானே? கேரள அரசே 1969இல் திருச்சூரைத் தலைமையிடமாக வைத்துச் சீட்டு நடத்த நிறுவனம் தொடங்கிய மாநிலத்தில் இருந்துகொண்டு நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை! மெல்போர்னிலோ சிட்னியிலோ எந்தச் சட்டப் பதிவும் இல்லாமல், முகாமில் ஒன்றாகக் கிடந்தவர், ஒரே படகில் வந்தவர், ஒரே ஊர்க்காரர் என்ற உறவை மட்டும் ஈடாக வைத்து இது நடந்தது. வங்கி மேலாளர் கேட்கும் சம்பளச் சான்றும் சொத்துப் பத்திரமும் இல்லாதவர்களுக்கு அடுப்பும் மாவு பிசையும் எந்திரமும் வாங்கிக் கொடுத்த பணம் பெரும்பாலும் இப்படித் திரண்டதுதான்.

சீட்டில் முதல் ஆளாக எடுத்துக்கொண்டு காணாமல் போகிறவர்கள் அங்கும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் ஏழு மாதம் கட்டி, எட்டாம் மாதம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான் என்பதால் இதை அனுபவத்தோடு சொல்கிறேன்.

ரொட்டி எப்படி வந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. வியட்நாமைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது நீண்ட மொறுமொறுப்பான ரொட்டியை அங்கே பழக்கிவிட்டார்கள். அதனுள்ளே இறைச்சி, காரட் ஊறுகாய், கொத்தமல்லி, பச்சை மிளகாய் வைத்துத் தருவதுதான் 'பான் மீ'. வெள்ளைக்காரருக்கு ரொட்டி விற்கத் தெரிந்த ஆசிய அகதி என்பது ஆஸ்திரேலியப் புறநகர்களுக்கு எதிர்பாராத வரவு. குடும்பம் முழுவதும் கூலியில்லாமல் உழைப்பதால் கடை நிலைத்தது. இவ்வணிகர்களில் வியட்நாமில் பிறந்த சீன வம்சத்தினரும் பலர். சைகோனின் சோலோன் வணிகப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தியவர்களுக்குச் சிட்னியின் கப்ரமட்டாவில் கடை போடுவது புதிய வித்தை அன்று. மொத்தத்தில், வேலைச் சந்தை கைவிட்டவர்கள் கடை வைத்தார்கள் என்பதே என் கருத்து. 'வியட்நாமியர் பிறவி வணிகர்' என்று அங்கே சிலர் பாராட்டுவதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. ஆலை வாசல் திறந்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் மாதச் சம்பளத்துக்கே போயிருப்பார்கள், மால்டியர் போனதைப்போல.

மால்டியரும் கடையே வைக்கவில்லை என்றில்லை. பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுடும் 'பாஸ்டிசி' விற்கும் கடைகள் மெல்போர்ன் மேற்குப் பகுதியில் பெயர் பெற்றவை. நம் பேக்கரி பஃப்ஸுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சிட்னியின் மேற்கில் காய்கறித் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்த மால்டியர் பலர். நகரம் வளர்ந்து அந்தத் தோட்டங்களை விழுங்கியபோது, கீரை விற்றுச் சம்பாதிக்காததை நிலத்தை விற்றுச் சம்பாதித்தார்கள். குயின்ஸ்லாந்தின் மக்கே வட்டாரத்தில் கரும்பு வெட்டப் போய்க் கரும்பு நிலத்துக்கே சொந்தக்காரர் ஆனவர்களும் உண்டு.

கேள்வி: வியட்நாமியக் குடும்பத்துப் பிள்ளைகள் மருத்துவம், மருந்தியல், கணக்கியல் என்று பல்கலைக்கழகங்களை நிறைக்கிறார்கள், மால்டியரின் பிள்ளைகளில் பட்டதாரிகள் குறைவு என்று படித்தேன். படிப்பை மதிக்கும் பண்பாடு ஒருவரிடம் இருப்பதும் மற்றவரிடம் இல்லாததும்தான் காரணமா?
– கல்லூரி மாணவி, புனலூர்

பதில்: பண்பாடு என்று சொல்லிவிட்டால் மேலே யோசிக்க வேண்டிய வேலை மிச்சமாகிறது; அதனாலேயே அந்தச் சொல்லைக் கண்டால் எனக்குச் சற்று ஐயம்.

மால்டாவில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது 1946இல். 1950களில் கப்பலேறிய இளைஞர்கள் அதற்கு முந்தைய தலைமுறை. பள்ளியைச் சிறுவயதிலேயே விட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் மெல்போர்னில் வளர்ந்தபோது, பதினைந்து பதினாறு வயதில் குழாய் வேலையோ மின்வேலையோ தச்சோ பழகப் போனால் ஐந்தே ஆண்டில் கைநிறையச் சம்பாதிக்கலாம் என்பதைத் தந்தையின் வாழ்க்கையே காட்டிக்கொண்டிருந்தது. படிக்காமலே வீடு கட்டிய தந்தை, 'படித்தால்தான் பிழைப்பு' என்று மகனிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல குழாய் வேலைக்காரரின் வருமானம் பல பட்டதாரிகளின் வருமானத்தைத் தாண்டும். ஆகவே பட்டதாரி விழுக்காட்டை மட்டும் பார்த்து அவர்கள் பின்தங்கியவர்கள் என்று முடிவு கட்டுவது பிழை.

வியட்நாமியத் தந்தை தன் மகளுக்குக் காட்டிய வாழ்க்கை வேறு. ஆலை மூடுவதையும், தையல் கூலி குறைவதையும், தன் முதுகு வளைவதையும்தான் அவர் காட்டினார். பிள்ளையைப் படிக்க வைப்பதைத் தவிர வேறு முதலீடு அவருக்கு இல்லை. 1977இல் இருபதுகளின் தொடக்கத்தில் படகில் டார்வின் வந்த ஹியூ வான் லே, 2014 முதல் 2021 வரை தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்தார் என்பதை அச்சமூகத்தார் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் ஆளுநரைச் சொல்கிறவர்கள் 1990களில் கப்ரமட்டா ரயில் நிலையத்தைச் சுற்றி ஹெராயின் விற்ற, ஹெராயினால் இறந்த பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் இரவு வேலையில் இருக்க, ஆங்கிலமும் பிடிபடாமல் பள்ளியை விட்டவர்கள் அவர்கள். மருத்துவரும் இவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மால்டியரிடையே இத்தகைய பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. பெரும்பாலோர் நடுவிலேயே நின்றார்கள். வியட்நாமியரிடையே உச்சியும் உண்டு, பள்ளமும் உண்டு. இந்த வேறுபாட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சராசரி என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

ஊர்க் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. கப்ரமட்டா அடங்கிய ஃபேர்ஃபீல்டு நகராட்சியும், ஸ்பிரிங்வேல் அடங்கிய கிரேட்டர் டாண்டினாங் நகராட்சியும் அந்தந்த மாநகரத்தின் மிக வறிய பகுதிகளாகவே பட்டியல்களில் வருகின்றன. நாற்பது ஆண்டாகியும் வியட்நாமியர் முன்னேறவில்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முன்னேறிய பிள்ளைகள் கிழக்குப் புறநகர்களுக்குக் குடிபோய்விடுகிறார்கள்; அவர்கள் காலி செய்த வாடகை வீட்டில் இராக்கிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ வந்த அடுத்த அகதி நுழைகிறார். புனலூர்ப் பேருந்து நிலையத்தில் எப்போது பார்த்தாலும் கூட்டம் இருக்கிறது என்பதால் ஒருவரும் பேருந்து ஏறவில்லை என்று சொல்லலாமா?

கேள்வி: இவர்கள் தாய்நாட்டுக்குப் பணம் அனுப்புகிறார்களா?
– வாசகர், தென்மலை

பதில்: வியட்நாமியர் அனுப்பினார்கள், இன்றும் அனுப்புகிறார்கள். தொடக்கத்தில் பணமாக அனுப்ப வழியில்லாதபோது மருந்து, துணி என்று பெட்டிபெட்டியாகப் போயிற்று. 1986இல் அந்நாடு பொருளாதாரக் கதவைத் திறந்த பிறகு உறவினர் கடை வைக்கவும் வீடு கட்டவும் பணம் போனது. கொல்லத்து முந்திரி ஆலைகளை ஓரங்கட்டி, 2006இல் இந்தியாவை முந்திக்கொண்டு முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் முதலிடம் பிடித்த வியட்நாமும் அதே வியட்நாம்தான். மால்டியர் தொடக்க ஆண்டுகளில் அனுப்பினார்கள். மனைவி மக்களை வரவழைத்த பிறகு அந்தத் தேவை குறைந்துவிட்டது. 2004இல் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து வளம் பெற்றபின், ஆஸ்திரேலியாவில் பிறந்த பேரப்பிள்ளைகளே தாத்தாவின் ஊர்க் கடவுச்சீட்டைத் தேடிப் போகிறார்கள்.

கேள்வி: எங்களை இந்த இருவரில் யாரோடு ஒப்பிடுவீர்கள்? சிலோனிலிருந்து வந்த நாங்கள் அகதிகளா, குடியேறிகளா?
– பணி ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, குளத்துப்புழை

பதில்: பெரியவரே, தங்கள் கேள்விதான் இந்தப் பக்கங்களில் கடினமானது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கையில் குடியுரிமையற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. அந்தப் பங்கில் வந்தவர்களைக் கேட்டுச் செய்த முடிவு அன்று அது. அந்த வகையில் தாங்கள் வியட்நாமியரின் பக்கம். ஆனால் வந்து இறங்கியபின் நடந்ததைப் பார்த்தால் மால்டியரின் பக்கம்: 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டு, தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கென்றே ரப்பர்க் காட்டில் வேலை ஒதுக்கப்பட்டது. மரமும் கத்தியும் சம்பளமும் காத்திருந்தன. மண்டபம் முகாமிலிருந்து சிறு கடனைக் கையில் வாங்கிக்கொண்டு, தெரியாத ஊரில் பெட்டிக்கடை வைக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம்.

ஆனால் மால்டாத் தொழிலாளிக்குக் கிடைத்ததில் பாதிதான் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் மனை வாங்கினார். தோட்டத்து லயம் எந்த ஊரிலும் வேலை இருக்கும்வரை குடியிருக்கத்தான். அது விலை ஏறினாலும் இறங்கினாலும் வெட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின் ஒருவர் கையில் வீடு இருக்கிறது, இன்னொருவர் கையில் பணிக்கொடைக் காசோலை இருக்கிறது என்றால், இருவரும் ஒரே கூலி வாங்கியிருந்தாலும் பேரப்பிள்ளைகள் தொடங்கும் இடம் ஒன்றல்ல. தங்கள் பிள்ளைகள் செவிலியராகவும் ஓட்டுநராகவும் வளைகுடாவுக்குப் போய்த் தென்மலைப் பக்கம் ஐந்து சென்ட் நிலம் வாங்க முயல்வது இந்தக் குறையை நிரப்பத்தான் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி கேட்ட குளத்துப்புழை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் மகள் அந்த மால்டாப் பாட்டியிடம் பேசிப் பழகுகிறவர் என்றால், வருமானத்தைக் கேட்க வேண்டாம். மனையை எந்த ஆண்டில் என்ன விலைக்கு வாங்கினார்கள், கணவருடைய எத்தனை மாதச் சம்பளம் அதற்கு ஆயிற்று என்று கேட்டுப் பார்க்கட்டும். ரொட்டிக்கடைக்காரரிடம், முதல் அடுப்பு வாங்கிய பணத்தைச் சீட்டில் எத்தனையாவது மாதம் எடுத்தார் என்று கேட்கட்டும். பதில் கிடைத்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் ரப்பர் விலைக்கு முன்னால் அதற்கு இடம் தருகிறேன்.